சகாயமேரியின் கைக்குள் இருந்த ஐந்து மோட்டார்கள்

ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த பாலிடெக்னிக்கின் எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்துச் சுவரில் ஒட்டுவதற்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி ஜமீலா கேட்டார். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர். சர்வோ மோட்டார் ஒழுங்காக நிற்காமல் ஆடினால் எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்க வேண்டும், எதில் முடிக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை என்றார்.

"ஒரு பக்கம் போதும் சார். ரெண்டாச்சுன்னா பயலுக படிக்க மாட்டானுக."

ஏழு வரிகள் எழுதினேன். பேட்டரியைப் பார், நெகட்டிவ் வயர்கள் சேர்ந்திருக்கின்றனவா பார் என்று ஆறு வரிகள் சிரமமில்லாமல் வந்தன. ஏழாவது வரி, "எல்லாம் சரியாக இருந்தால் மோட்டாரைத் திறந்து உள்ளே பார்" என்பது. அதை எழுதியதும் மனசு சரியில்லாமல் போயிற்று. பக்கத்தை அப்படியே ஜமீலாவிடம் கொடுத்துவிட்டேன். அதைச் சுவரில் நேராக ஒட்டினார்களா, கோணலாக ஒட்டினார்களா என்று தெரியவில்லை. அதுவும் ஒரு கவலையாக இருக்கிறது. ஏழாவது வரிக்குப் பின்னால் இருப்பதைத் துறை மலருக்காக இங்கே எழுதுகிறேன்.

பார்த்ததையெல்லாம் எண்ணுவது என் வியாதி. பேருந்தில் ஏறினால் ஜன்னல் கம்பிகளை எண்ணுவேன். ஆலயத்தில் பிரசங்கம் நீண்டால் மின்விசிறிகளை எண்ணுவேன். அவற்றில் எத்தனை சுற்றவில்லை என்று எண்ணிவைத்து, ஒன்று கழன்று யார் தலையிலாவது விழுந்துவிடுமோ என்று கவலைப்படுவேன். வீட்டில் இதற்காக வாங்கிய திட்டு ஏராளம். வேலையில் மட்டும் அது உதவியது. பிரிக்கும்போது எட்டுத் திருகாணி, மூடும்போது ஏழு என்றால் மீதி ஒன்றைத் தேடியெடுக்காமல் நான் மேசையை விட்டு எழுந்ததில்லை.

சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டி.வி. பிரிவு படித்தேன். கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு டி.வி. பழுதுபார்க்கும் கடையில் சில காலம் இருந்தேன். அங்கே கற்றது ஷாக் அடிக்காமல் பிழைத்திருப்பது. பிறகு பாலிடெக்னிக் ஆய்வகத்தில் சேர்ந்தேன். காலையில் ராஜபாளையம், சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று பேருந்திலேயே காலம் போயிற்று. அதில் எழுத ஒன்றுமில்லை.

மைக்ரோகண்ட்ரோலர் என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் சில்லு எங்கள் ஆய்வகத்துக்கு வந்ததும், அதன் பின்னாலேயே இந்தச் சின்ன சர்வோக்கள் வந்தன. தீப்பெட்டியைவிடச் சிறியவை. வெளியே மூன்று வயர்கள். பழுப்பு நெகட்டிவ், சிவப்பு பாசிட்டிவ், ஆரஞ்சு வழியாகக் கட்டளை வரும். ஒரு நொடிக்கு ஐம்பது முறை ஒரு சின்னத் துடிப்பு. அந்தத் துடிப்பு எவ்வளவு அகலம் என்று பார்த்து, தன் அச்சை எந்தக் கோணத்தில் நிறுத்துவது என்று மோட்டார் முடிவு செய்யும். தான் இப்போது எங்கே நிற்கிறோம் என்று அறிய அதன் வயிற்றுக்குள் ஒரு சின்னப் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழுக்கு அடியில் இருக்குமே, அதே சாமான்தான். அது தப்பாகச் சொன்னால் மோட்டார் என்ன செய்யும்? நிற்க வேண்டிய இடத்தைத் தேடித் தேடி நடுங்கும்.

அப்போது எங்கள் துறைத் தலைவர் எஸ்தர் மேடம். என்னைவிட வயதில் சிறியவர். பழுதான ஒரு பொருளைத் தொடுவதற்கு முன் வளையலைக் கழற்றி மேசை ஓரத்தில் வைப்பார். பிறகும் தொட மாட்டார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார். கண்ணுக்கு முந்திக் கை போய்விடும், அதனால் கட்டிப்போடுகிறேன் என்பார். "என்ன ஆச்சு?" என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. "என்ன பாத்தீங்க?" என்றுதான் கேட்பார்.

ஒருமுறை மூன்றாம் ஆண்டுப் பையன்கள் ஒரு இயந்திரக் கரம் செய்திருந்தார்கள். மேசைமேல் வைத்துச் சுவிட்சைப் போட்டால் மலேரியா வந்ததுபோல் உதறியது. நான் ஒவ்வொரு மோட்டாராக மாற்றிக்கொண்டிருந்தேன்.

"மோட்டார் போயிருச்சு மேடம்" என்றேன்.

"அது நீங்க நெனச்சது. பாத்ததச் சொல்லுங்க சார்."

"ஆடுது."

"ஆரஞ்சு வயரப் பிடுங்கினா?"

பிடுங்கினேன். நின்றுவிட்டது. மோட்டார்களுக்குத் தனி பேட்டரி, மைக்ரோகண்ட்ரோலர் போர்டுக்குக் கம்ப்யூட்டரிலிருந்து கரண்ட் என்று பையன்கள் கொடுத்திருந்தார்கள். இரண்டின் நெகட்டிவும் எங்குமே சேரவில்லை. ஒரு முழ வயர் எடுத்து இரண்டையும் சேர்த்தேன். கரம் சாதுவாக நின்றது. அதற்குள் மூன்று மோட்டார்களைக் கெட்டவை என்று குப்பைப் பெட்டியில் போட்டிருந்தேன். மேடம் அந்த மூன்றையும் பொறுக்கி எடுத்து என் முன்னால் வரிசையாக வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவரிடம் இன்னொரு குணம் உண்டு. யார் எதைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார். வெளியிலிருந்து வந்த ஒரு தேர்வாளர் எங்கள் பவர் சப்ளையைப் பாராட்டியபோது, "முந்தாநாள் வரைக்கும் ஓடல சார்" என்றார். கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா என்பது அவர் கட்சி. அதில் அவரோடு வாதம் செய்து ஜெயித்தவர்கள் இல்லை.

சகாயமேரி அந்தக் காலத்தில்தான் வந்தார். மகாராஜபுரத்துக்காரர். ஒரு நூற்பாலையில், நூலைக் கோன் என்னும் கூம்புகளில் சுற்றும் பிரிவில் வேலை. ஆள் குறைந்த ஒரு ஷிப்டில் அவரைப் பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கும் கார்டிங் இயந்திரத்துப் பக்கம் அனுப்பியிருக்கிறார்கள். அடைத்த பஞ்சை எடுக்கப்போய் வலது கை மணிக்கட்டோடு போயிற்று. கணவர் இல்லை. நர்சிங் படிக்கிற ஒரு மகள் உண்டு.

மில்லில் அவரை உடனே நிறுத்திவிடவில்லை. பொங்கல்வரை பேக்கிங்கில் இருக்கட்டும், இரண்டு கை செய்கிற வேலையை அங்கே செய்ய முடிந்தால் நிரந்தரமாக அங்கேயே இருக்கலாம், முடியாவிட்டால் கணக்கை முடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார்கள். பேக்கிங் என்றால் நூல் கோனைத் தூக்கி, பாலித்தீன் உறையில் போட்டு, அட்டைப்பெட்டியில் அடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுத்த கை, நுனியில் கொக்கி வைத்தது. அதால் கோனைப் பிடித்தால் நூல் பிய்ந்தது. பிய்ந்த கோன் கழிவுக்குத்தான் போகும்.

எங்கள் மாணவன் ஒருவன் அதே ஊர். அவனும் அவன் கூட்டாளிகளும் இறுதியாண்டு வேலையாக அவருக்கு ஒரு கை செய்தார்கள். முன்கை ஓட்டுக்குள் ஐந்து சர்வோக்கள், விரலுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு தூண்டில் நரம்பு விரல் நுனிவரை போகும். மோட்டார் திரும்பினால் நரம்பு இழுபட்டு விரல் மடங்கும். விரல் நுனிகளில் மெத்தென்ற ரப்பர் உறை. தோளுக்குக் கீழே ஒரு சுவிட்ச். கையை விலாவோடு அமுக்கினால் விரல்கள் மூடும், இன்னொரு தடவை அமுக்கினால் திறக்கும். மூன்று பெல்ட்டுகளால் முழங்கைக்கு மேல்வரை இறுக்கிக் கட்ட வேண்டும். பையன்களுக்குப் பரிசு கிடைத்தது. பரிசை வாங்கிக்கொண்டு வேலை தேடிப் போய்விட்டார்கள். அப்படித்தான் அந்தக் கையின் பராமரிப்பு எங்கள் தலையில் விழுந்தது.

முதல் தடவை அதைக் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் ஒரு கோனைத் தூக்கி வைத்தார் சகாயமேரி. நூல் ஒரு இழைகூடக் கலையவில்லை.

"எப்படி இருக்கு மேரி?" என்று மேடம் கேட்டார்.

"நாலு வெரலும் சொன்ன பேச்சு கேக்குது மேடம். இந்தப் பெருவெரலு மட்டும் எங்க மாமியா மாதிரி. கூப்பிட்டா செத்த நேரம் கழிச்சுத்தான் திரும்பும்."

மேடம் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். பெருவிரல் மோட்டாருக்குப் போகும் கட்டளையில் ஒரு தாமதம் இருந்தது. அதை நிரலில் சரிசெய்து கொடுத்தோம்.

ஐப்பசி முழுக்க அவர் வரவில்லை. நன்றாக ஓடுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததும், ஏன் வரவில்லை என்ற கவலையும் வந்தது. மழை விட்டிருந்த ஒரு நாள், மில்லுக்கு வார விடுமுறை, வந்து நின்றார்.

"சார், ஆள்காட்டி வெரலு ஆடுது. பெட்டிக்குள்ள கோன வச்சுட்டு விடணும்ல, விடாம உதறுது. பக்கத்துக் கோனத் தட்டி விட்டுருது."

மேசைமேல் வைத்துப் பார்த்தோம். முதலில் பேட்டரி. சும்மா இருக்கும்போது அளந்தால் எந்த பேட்டரியும் நல்ல பிள்ளைதான்; ஐந்து விரலும் சேர்ந்து ஒரு கோனை இறுக்கும்போது அளக்க வேண்டும். அளந்தேன். சரிந்து விழவில்லை. அடுத்து நெகட்டிவ் வயர்கள். எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்திருந்தன. அடுத்து ஆரஞ்சு வயரில் வரும் துடிப்பு. துடிப்பைப் படமாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால் சீப்புப் பல்போல ஒரே அளவில் நின்றது. கட்டளையில் குற்றமில்லை. கடைசியாக, ஆடுகிற மோட்டாரின் வயரை ஆடாத நடுவிரலின் இடத்தில் மாற்றிச் செருகினேன். அங்கேயும் அதே மோட்டார்தான் ஆடியது. ஆகவே பழுது மோட்டாருக்குள். புதிது போட்டுக் கொடுத்தேன்.

கொஞ்ச நாளில் மறுபடி வந்தார். இந்தத் தடவை இரண்டு விரல்.

"மேஸ்திரி கேக்காரு சார், ஏன் மேரி, ஒங் கைக்கு மட்டும் குளிரடிக்குதோன்னு. எல்லாரும் சிரிக்காக. நானும் சிரிச்சுக்கிட்டேன்."

"மலிவு மோட்டார் மேடம்" என்றேன். "இது இம்புட்டுதான் ஒழைக்கும்."

"மலிவுங்கறது காரணம் இல்ல சார். அஞ்சும் ஒரே பெட்டியில வந்த மலிவுதான். மத்த மூணும் ஏன் ஆடல?"

உலோகப் பல் வைத்த மோட்டார்கள் வாங்கிப் போட்டோம். அவையும் ஆடின. மில்லில் பெரிய மோட்டார்களை ஓட்டுகிற டிரைவ்கள் இருக்கின்றன, அவற்றின் இரைச்சல் நம் வயரில் ஏறுகிறது என்று எனக்குத் தோன்றியது. கட்டளை வயர்களையெல்லாம் முறுக்கிப் பின்னி, மேலே தாமிரத் தாள் சுற்றினேன். அழகான வேலை; இன்று நினைத்தாலும் அழகான வேலைதான். மார்கழி பிறந்தபோது அந்த அழகான வேலைக்குள் மூன்று விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

அன்றைக்கு சகாயமேரி நாற்காலியில் உட்காரவில்லை. ஜன்னலோரம் நின்றுகொண்டு கேட்டார்.

"சார், பொங்கலுக்கு முன்னாடி சரியாயிருமா? இல்ல, ஆகாதுன்னா ஆகாதுன்னே சொல்லிருங்க. மக பீசு கட்டுற எடத்துல நான் ஒரு வார்த்த சொல்லி வைக்கணும்."

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் வளையலைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"தெறங்க சார்" என்றார்.

இந்த மோட்டாரை யாரும் திறப்பதில்லை. போனால் மாற்றுவதுதான் வழக்கம். அடியில் நான்கு நீளத் திருகாணிகள். நான்கையும் எடுத்து ஒரு மூடியில் போட்டு, மேல் தொப்பியைத் தூக்கினேன். உள்ளே ஐந்து பற்சக்கரங்கள் இருக்க வேண்டும். எண்ண முடியவில்லை. வெள்ளையாக ஏதோ அடைத்திருந்தது. முள்வாங்கியால் இழுத்தேன். கிரீஸில் ஊறிய பஞ்சு, கம்பளித் துணிபோலத் தடித்து வந்தது. சக்கரங்களுக்கு அடியில் பொட்டென்ஷியோமீட்டரின் கழுத்தைச் சுற்றியும் பஞ்சு. அதற்குள் நுழைந்த இழை, தொடுமுனையைத் தூக்கித் தூக்கி விட்டிருக்கிறது. தான் எங்கே நிற்கிறோம் என்றே அந்த மோட்டாருக்குத் தெரியவில்லை.

"என்ன பாத்தீங்க?"

"பஞ்சு மேடம்."

அவர் பின்னால் கட்டிய கையோடு வெகுநேரம் குனிந்து பார்த்தார். "பறக்கற பஞ்சு மேலதான் படியும். இவ்வளவு உள்ள போகாது. எதோ ஒண்ணு தள்ளியிருக்கு" என்றார். பிறகு நிமிர்ந்து, "மேரி, ஷிப்ட் முடிஞ்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"என்ன செய்வோம், பஸ்ஸுக்கு ஓடுவோம்."

"அதுக்கு முந்தி?"

"ஏர் அடிச்சுக்கிடுவோம்."

மில் ஊரில் பிறந்தவர்களுக்கு இது தெரியும். தலையிலும் சேலையிலும் ஒட்டிய பஞ்சோடு யாரும் வெளியே வருவதில்லை. வாசலருகே அழுத்தக் காற்றுக் குழாய் ஒன்று தொங்கும். ஷிப்ட் முடிந்ததும் அதைப் பிடித்து உச்சி முதல் பாதம்வரை அடித்துக்கொள்வார்கள். முதுகுக்கு ஒருவருக்கொருவர் அடித்துவிடுவார்கள்.

"இந்தக் கைக்கும் அடிப்பீங்களா?"

"இதுக்குத்தான் மேடம் மொதல்ல அடிப்பேன்" என்றார் சகாயமேரி. முகத்தில் ஒரு பெருமை. "காலேசுப் பொருளு, அழுக்கா வச்சிருந்தா நாளைக்கு நீங்க என்ன நெனப்பீக? வெரல எல்லாம் தெறந்து வச்சு, சந்து சந்தாக் குழாய வச்சு ஊதிருவேன். ஒரு பொட்டுப் பஞ்சு இருக்காது."

அவர் என் முள்வாங்கியில் தொங்கிய பஞ்சைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார்.

"அதுலயா போச்சு?"

"அடிக்கக் கூடாதுன்னு நாங்க சொல்லவே இல்லையே மேரி" என்றார் மேடம். "ஒங்க கைய நீங்க சுத்தமா வச்சிருந்தீங்க. அவ்வளவுதான்."

அந்த வாரம் முழுக்க அதே வேலை. ஐந்து மோட்டார்களையும் புதிதாக மாற்றினேன். அச்சு வெளிவரும் இடத்தில் சைக்கிள் டியூபில் வளையம் வெட்டிப் போட்டேன். ஓட்டின் இணைப்புகளிலும் வயர் நுழையும் துவாரங்களிலும் பசை வைத்து மூடினேன். பிறகு எங்கள் கம்ப்ரஸரைக் கொண்டே, பஞ்சை மேலே தூவி ஊதிப் பார்த்தோம். திறந்தால் சக்கரங்கள் ஐந்தையும் எண்ண முடிந்தது. இனி ஏர் அடிக்காதே, ஈரத்துணியால் துடை என்று சொல்லி அனுப்பினோம். அதற்குப் பிறகு ஒரு விரலும் ஆடவில்லை.

பொங்கலுக்கு முந்திய வாரம், மில்லில் அவர் வேலையைப் பார்வையிடும் நாளன்று எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பேக்கிங் கூடத்தில் பெர்சனல் அதிகாரி, பாதுகாப்பு அதிகாரி, மேஸ்திரி, நாங்கள் இருவர். சகாயமேரி மாதாவை நினைத்து ஒரு சிலுவை போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். கோனைத் தூக்குவது, உறையில் போடுவது, பெட்டியில் வைப்பது, விடுவது. ஒரு பெட்டிக்கு இருபத்து நான்கு கோன். நான் எண்ணினேன். ஒரு கோனும் சரியவில்லை. இரண்டாவது பெட்டி. மூன்றாவது. பக்கத்து மேசைப் பெண்கள் கை வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். "ஏட்டி, வெரசா வைக்காளே" என்று ஒருத்தி சொன்னது எனக்குக் கேட்டது. மேஸ்திரி குளிரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

பெர்சனல் அதிகாரி சரி என்று தலையை ஆட்டினார். அப்போது பாதுகாப்பு அதிகாரி, வயதானவர், நல்ல மாதிரியாகத்தான் கேட்டார்.

"நடுவுல ரொம்ப ஆடுச்சுன்னு சொன்னாங்களே. என்ன பிரச்சன?"

நான் முந்திக்கொண்டேன். "வயர் லூஸ் சார். சரி பண்ணியாச்சு."

"இல்ல சார்" என்றார் மேடம். "மோட்டாருக்குள்ள பஞ்சு போயிருந்துச்சு."

அவர் கேட்கக் கேட்க மேடம் சொன்னார். எங்கே போனது, எவ்வளவு போனது, எப்படிப் போனது. அதிகாரியின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"உள்ள இருக்கறது பிரஷ் வச்ச மோட்டாரா?"

"ஆமா."

"பொறி வருமா மேடம்?"

"சின்னதா வரும். சுத்தும்போது பிரஷ் ஒரசற எடத்துல வரும். இப்ப மூடியிருக்கோம், ஊதியே பாத்துட்டோம்."

"மூடுனது விட்டுப் போச்சுன்னா?"

மேடம் கொஞ்சம் தயங்கினார். கொஞ்சம்தான். "விட்டுப் போனா பஞ்சு உள்ள போகும்" என்றார்.

அந்த அதிகாரி பஞ்சுக் கிடங்கு எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர். ஒரு சின்னப் பொறி போதும், கதவைத் தேடுவதற்குள் கூரைக்குப் போய்விடும் என்றார். பேட்டரியும் மோட்டாரும் கட்டிய கையோடு ஒரு ஆளைப் பஞ்சு பறக்கிற இடத்தில் நிறுத்தத் தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிரஷ் இல்லாத மோட்டார் போட்டால் என்று மேடம் கேட்டதற்கு, பேட்டரி பேட்டரிதானே மேடம் என்றார். வேறு பிரிவில் இடம் இருக்கிறதா என்று பெர்சனல் அதிகாரியிடம் கேட்டோம். இல்லை.

சகாயமேரி மூன்றாவது பெட்டியின் மூடியை மடித்து ஒட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் ஒட்டினார். டேப்பை நேராக இழுத்து, நுனியைப் பல்லால் கடித்து அறுத்து, அந்தக் கையாலேயே நீவிவிட்டார்.

பஸ் நிறுத்தத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. மேடத்திடம் அப்படிப் பேசியது அந்த ஒரு நாள்தான்.

"ஒரு வார்த்த கொறச்சுச் சொல்லியிருக்கலாம் மேடம். வயர் லூஸுன்னு நான் சொன்னேன்ல, அதோட விட்டுருக்கலாம். யாருக்கு நஷ்டம்?"

"அந்தக் கையக் கழட்ட எத்தன பெல்ட்டு சார்?"

"மூணு."

"ஒத்தக் கையால கழட்டணும். தீப்பிடிச்ச கைய."

மேடம் சொன்னது சரி. அந்த அதிகாரி சொன்னதும் சரி. ஆனாலும் சகாயமேரிக்கு வேலை போயிற்று. பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தால் சரிசெய்துவிடலாம் என்றுதான் நான் அதுவரை நம்பியிருந்தேன். பஞ்சைக் கண்டுபிடிக்காமலே இருந்திருந்தால் அந்தக் கை நடுங்கிக்கொண்டே இருந்திருக்கும், அப்போதும் வேலை போயிருக்கும். எந்தப் பக்கம் போட்டுப் பார்த்தாலும் கணக்கு அங்கேதான் வந்து நிற்கிறது. ராத்திரி படுக்கையில் இதை எத்தனை முறை போட்டுப் பார்த்தேன் என்று மட்டும் நான் எண்ணவில்லை.

மாசி மாதம் அவர் ஆய்வகத்துக்கு வந்தார். அந்தக் கையைக் கட்டியிருந்தார். நான் பதறிப்போய், "திரும்ப ஆடுதாம்மா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆடல சார். நல்லாத்தான் இருக்கு." உட்கார்ந்தார். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா கடையில சேந்துட்டேன். பெட்டி மடிக்கிறது, எடுத்துக் குடுக்கிறது. இடது கையே போதும்."

"நல்லது" என்றார் மேடம்.

"ஒண்ணு கேக்கணும் மேடம். இதுக்குள்ள இருக்க மோட்டார எல்லாம் எடுத்துர முடியுமா?"

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்.

"வெறுங்கையாப் போனா மொட்டக் கையப் பாத்துட்டுப் பார்சல வாங்கத் தயங்குதாக. இதக் கட்டிக்கிட்டுப் போனா, கிர்ருகிர்ருன்னு சத்தம் வருதா, பால்கோவாவ விட்டுட்டு இதையே பாக்காக. ஒரு பிள்ள அழுதுருச்சு. மொதலாளி ஒண்ணும் சொல்லல, நல்ல மனுசன். ஆனா எனக்கே ஒருமாதிரி இருக்கு. இது அசைய வேண்டாம் மேடம். சும்மா கை மாதிரி இருந்தாப் போதும். கனமும் கொறையும்."

மேடம் என்னைப் பார்க்கவில்லை. "எடுங்க சார்" என்றார்.

அவர் கழற்றிக் கொடுத்த கையை மேடம் பிடித்துக்கொள்ள, நான் பிரித்தேன். மோட்டாருக்கு இரண்டு திருகாணி, ஐந்துக்குப் பத்து. சைக்கிள் டியூப் வளையங்களை வெட்டினேன். பசையைச் சுரண்டினேன். பேட்டரி, போர்டு, சுவிட்ச் எல்லாவற்றையும் எடுத்தேன். நரம்புகளை அறுத்ததும் விரல்கள் நீட்டிக்கொண்டு நின்றன, எதையோ நிறுத்தச் சொல்வதைப்போல.

"இப்படி வேண்டாம்ல?" என்று கேட்டேன். "எப்படி இருக்கட்டும்மா?"

சகாயமேரி யோசித்தார். பிறகு தன் இடது கையை மேசைமேல் சும்மா வைத்தார். "இந்த மாதிரி" என்றார்.

அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு விரலாக மடித்து, நரம்பை இழுத்து, அந்த அளவில் முடிச்சுப் போட்டேன். சுண்டுவிரல் கொஞ்சம் உள்ளே, பெருவிரல் ஆள்காட்டியைத் தொடாமல். அவர் பொறுமையாக, கை அசையாமல் வைத்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் கட்டிக்கொண்டு, தூக்கி இறக்கிப் பார்த்தார்.

"லேசாயிருச்சு சார்" என்றார். "வாரேன் மேடம். அடுத்த வண்டிய விட்டா வேலைக்கு நேரமாயிரும்."

அவர் போன பிறகு, வழக்கப்படி, கழற்றிய ஐந்து மோட்டார்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போயின, சொன்ன இடத்தில் நின்றன, ஒன்றுகூட நடுங்கவில்லை. புது வருடப் பையன்களுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று மேடம் சொன்னார். அவர்கள் வந்து கேட்டபோது, ஐந்திலும் பழுதில்லை என்று சொல்லிக் கொடுத்தேன். எந்தக் கையிலிருந்து கழற்றியவை என்று சொல்லவில்லை.